வெள்ளிக்கிழமைக் கவர்

என் வீட்டுக்காரர் சஃப்வான் ஏசி மெக்கானிக். காரைக்காலில் பாதி வீட்டுச் சுவர்களில் அவர் போட்ட துளை இருக்கும். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனிதர் என்று எங்கள் தெருவில் அவருக்குப் பெயர். நானும் அந்தப் பெயரை நம்பித்தான் குடும்பம் நடத்தினேன். திறக்க வேண்டிய இடத்தில் அந்த வாய் திறக்காமல் போனதால், கணவரை இழந்த ஒரு பெண்மணி நாலு மாதம் தன் சொந்தக் காசையே தர்மம் என்று நினைத்து வாங்கிச் சாப்பிட்டார். வாரா வாரம் அதைக் கொண்டுபோய் அவர் கையில் வைத்தது நான். அது கடன் காசு என்று எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது. ஆனால் வைத்த விதம் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு யாரைச் சாக்குச் சொல்வது?

முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் ஆனதும் மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் இருப்பார். சஃப்வானும் திருமலைராயன்பட்டினத்திலிருந்து ஒரு பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தவர்தான். வந்த சூட்டோடு கத்தாருக்குப் போய்விட்டார். அங்கே மொட்டை மாடிகளில் வெந்து ஏசி வேலை கற்றுக்கொண்டார். கொரோனா சமயத்தில் கம்பெனி ஆட்களைக் கழித்துவிட்டபோது திரும்பி வந்தார். வந்த மனிதர் தெரிந்த தொழிலைச் செய்தாரா? இல்லை. ஏசி கழுவுகிறவன் என்பதைவிட கடை முதலாளி என்றால் மாமியார் வீட்டில் மரியாதை என்று நினைத்துவிட்டார். கூட்டாளி ஒருவனோடு சேர்ந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் க்ரில் சிக்கன் கடை போட்டார். கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி நன்றாகத்தான் சுற்றியது. ஒரு நாள் கல்லாவையும் காணோம், கூட்டாளியையும் காணோம். கடை கையைக் கடித்துவிட்டது. கோழி சப்ளை செய்தவனுக்குக் கொடுக்க வட்டிக்கு வாங்கினார், அந்த வட்டிக்காரன் எங்கள் வாசலில் வந்து பைக்கை நிறுத்த ஆரம்பித்தான்.

அப்போது நான் போட்ட சத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் நகையைக் கழற்றிக் கொடுத்தேன், அடகு வையுங்கள் என்றேன். அதோடு விட்டேனா? என் தெருவில், என் சொந்தத்தில் ஒருத்தரிடமும் கை நீட்டக்கூடாது, நீட்டினால் நான் உங்களோடு வாழ்வதில் அர்த்தமில்லை என்றும் சொன்னேன். கோபத்தில் சொன்னது. சொன்னவள் மறந்துவிட்டேன். கேட்டவர் மறக்கவில்லை.

நகை போதவில்லை என்று அவர் என்னிடம் சொல்லவே இல்லை. திடீரென்று ஒரு நாள் வட்டிக்காரன் வருவது நின்றது. கத்தார் சினேகிதன் ஒருவன் உதவினான், மெதுவாகக் கொடுத்தால் போதும் என்றார். நானும் அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

உதவியது கத்தாரும் இல்லை, சினேகிதனும் இல்லை. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளியிருந்த காதர் பாட்சா மாமா. என் உம்மாவுக்குச் சின்னம்மா மகன். ஒரு காலத்தில் மார்க்கெட்டில் சிங்கப்பூர் சாமான் கடை வைத்து நன்றாக இருந்தவர். பள்ளிவாசலில் எல்லாரும் போன பிறகும் சஃப்வான் கைகால் கழுவுகிற ஹவுதுக் கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, என்ன ஏது என்று விசாரித்து, மறுநாளே இரண்டரை லட்சம் ரூபாயை மஞ்சள் பையில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். எழுதிக்கொள்ளலாம் மாமா என்று இவர் சொன்னதற்கு மாமா சொன்னாராம்: "எழுதி வச்சா, நான் மவுத்தானப்புறம் எம்மவன் அதைத் தூக்கிக்கிட்டு வந்து உங்ககிட்ட நிப்பான். அது வேணாம் மாப்புள. முடியறப்ப கொண்டாங்க."

முடியறப்ப என்பது பொல்லாத வார்த்தை. அந்த முடிகிற நாள் வரவே வராது. சஃப்வான் பழையபடி ஏசி வேலைக்கு வந்தார். கோடையில் வருகிற காசு நகை வட்டிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விடும். மழைக்காலத்தில் வீட்டுச் செலவுக்கே திண்டாட்டம். மாமா ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்காத மனிதரைப் பார்ப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது. மாமா எதிரே வந்தால் இவர் வராத போனைக் காதில் வைத்துக்கொண்டு சந்துக்குள் திரும்பிவிடுவார். நானே ஒரு முறை பார்த்துவிட்டு, பெரியவருக்கு ஒரு சலாம் சொல்லக்கூடவா நேரமில்லை என்று திட்டியிருக்கிறேன்.

அப்படியே ஆண்டுகள் போயின. போன ஐப்பசி கடைசியில், மூன்று நாள் மழைக்கு நடுவில் மாமா மவுத்தாகிவிட்டார்.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜனாஸா தொழுகைக்கு முன்னால் இறந்தவருடைய மகன் எல்லார் எதிரிலும் நின்று பேசுவான். மாமாவின் மகன் நசீம் ஷார்ஜாவிலிருந்து வந்து இறங்கியவன், கசங்கிய சட்டையோடு நின்று சொன்னானாம்: "எங்க வாப்பா யாருக்காவது கடன் பாக்கி வச்சிருந்தா எங்கிட்ட வந்து வாங்கிக்கங்க. மனசு நோக நடந்திருந்தா மன்னிச்சிருங்க." அவ்வளவுதான் கேட்பார்கள். இறந்தவருக்கு யார் பாக்கி என்று அங்கே யாரும் கேட்பதில்லை. இவர் மூன்றாவது வரிசையில் நின்றார். கை கட்டித் தொழுதார். சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தார், மண்ணும் போட்டார். நனைந்து வீட்டுக்கு வந்தவர் தலையைத் துவட்டாமல் உட்கார்ந்திருந்தார். மாமா மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்து நானே துவட்டிவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து ஒட்டின கவர் ஒன்றை என்னிடம் நீட்டினார். மாமாவின் மனைவி சுல்தான் பீவி மாமியிடம் கொடுத்துவிட வேண்டும், எதுவும் பேச வேண்டாம் என்றார். என்ன இது என்றேன். நேர்ச்சை என்றார். தொழில் பெருகினால் ஒவ்வொரு வாரமும் வருகிறதில் ஒரு பங்கு அந்த வீட்டுக்கு என்று நேர்ந்துகொண்டாராம். நேர்ச்சை என்று சொன்ன பிறகு யார் குடைந்து கேட்பார்கள்? பலிக்காமல் போய்விடும் என்று பயம். பொய் சொல்லத் தெரியாத மனிதர் என் வாயை எதைக்கொண்டு அடைப்பது என்று மட்டும் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

அவரே கொண்டுபோய்க் கொடுக்க முடியாது. மாமி இத்தா இருந்தார். கணவர் இறந்த நாளிலிருந்து நாலு மாதம் பத்து நாள் அவர் வாசலைத் தாண்டக்கூடாது, நெருங்கிய சொந்தத்தைத் தவிர வேறு ஆண்கள் முகம் பார்க்கக்கூடாது. நசீம் மூன்று நாளில் திரும்பிப் போய்விட்டான். அவனுக்கு அங்கே வேலையே ஆட்டத்தில் இருந்தது. மாமாவின் கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரி செலவு கையிலிருந்த காசையெல்லாம் துடைத்துவிட்டிருந்தது. அதனால்தான் மாமி கவரை வாங்கினார். முதல் தடவை வாங்கவில்லை, தள்ளிவிட்டார். நான்தான் அவர் கையைப் பிடித்து விரலை மடக்கி வைத்தேன். எங்க வீட்ல நேந்துக்கிட்டது மாமி, வேணாம்னு சொல்லக்கூடாது என்றேன். மாமி சுவரைப் பார்த்துக்கொண்டு, சரி புள்ள என்றார். அந்தக் குரல் எனக்கு அப்போது உறைக்கவில்லை. கொடுக்கிறவளுக்கு எது உறைக்கும்?

அதற்குப் பிறகு இவர் உழைத்த உழைப்பு இருக்கிறதே, அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஏசி வேலை வெயிலை நம்பின பிழைப்பு. சித்திரையில் போன் ஓயாது, கார்த்திகையில் போன் ஊமையாகிவிடும். வழக்கமாக மழைக்காலத்தில் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிறவர் இந்தத் தடவை விடியற்காலை பஜ்ருக்கே எழுந்து போனார். பேக்கரி ஃப்ரீசர், மீன் கடை ஐஸ் பெட்டி, மழைத்தண்ணீரில் மூழ்கின மோட்டார் என்று கிடைத்ததையெல்லாம் எடுத்தார். போலகத்தில் ஒரு வாஷிங் மிஷினைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நேரே அம்பகரத்தூர் கல்யாண மண்டபத்துக்கு ஓடுவார். கீழவாஞ்சூர் பக்கம் துறைமுகத்து நிலக்கரித் தூசி வீடுகளின் வெளியே மாட்டியிருக்கிற ஏசி பெட்டிகளில் அப்பிக்கொள்ளும். மற்ற இடத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும், அங்கே மாதா மாதம் கழுவாவிட்டால் ஓடாது. அந்த வீடுகளையும் ஆபீஸ்களையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, மழையோ வெயிலோ மாதம் இவ்வளவு என்று பேசி முடித்தார். கரித்தண்ணீர் தெறித்து முகமெல்லாம் கறுத்து வருவார். திருநள்ளாறு லாட்ஜ்களுக்குச் சனிக்கிழமைதான் கூட்டம். அதற்கு முன்னால் எல்லா அறையிலும் ஏசி ஓட வேண்டும், அதனால் வியாழக்கிழமை முழுக்க அங்கே கிடப்பார்.

நானும் சும்மா இருக்கவில்லை. வேலையை முடித்துவிட்டு, பாத்துக் குடுங்க என்று நிற்பது அவர் பழக்கம். பார்ப்பார்கள், கொடுக்க மாட்டார்கள். போனை நான் வாங்கிக்கொண்டேன். வந்து பார்க்க இவ்வளவு, கேஸ் ஏற்ற இவ்வளவு, கறாராகச் சொல்லிவிட்டுத்தான் ஆளை அனுப்புவேன். நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஆனால் காசு வந்தது. இருந்தும் ஒரு வாரத்தைப்போல் இன்னொரு வாரம் இருக்காது. கவரும் அப்படித்தான். சில வெள்ளிக்கிழமை உள்ளே ஒற்றைத் தாள் இருக்கிற மாதிரி தட்டையாக இருக்கும். தை பிறந்து வெயில் ஏற ஏறக் கவர் கனத்தது. நேர்ச்சை பலிக்கிறது என்று நான் பூரித்துப்போனேன். அட அல்லாவே, கடனைக் கட்டுகிற மனிதனை ஞானியாக்கி வைத்திருந்தேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு வெட்கம். மாமி வீட்டுக் கொல்லைப் பக்கம் கிளிஞ்சல்மேட்டுப் பூவாயி மீன் கொண்டுவருவாள். மாமா இருந்த காலத்தில் அந்த வீட்டில் கொடுவா இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. டிசம்பரில் ஒரு நாள் நான் கவரைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பூவாயி கூடையை இறக்கினாள். மேலே நல்ல கொடுவா ஒன்று கிடந்தது. கடல் சரியில்லாத நேரம், விலை ஆகாயத்தில். மாமி பாதியை வெட்டச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? "இந்த விலைக்குக் கொடுவா எதுக்கு மாமி? மத்தி வாங்கிக்கங்களேன், ஒடம்புக்கும் நல்லது" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன், அதுதான் இன்னும் மோசம். பூவாயி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தாள். மாமி மத்தியைக் காட்டி, அதையே போடு என்றார்.

அதற்குப் பிறகு நான் இருக்கிற நேரத்தில் பூவாயி வந்தால், மாமி கூடையைப் பார்ப்பதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையாட்டினால் வாங்குவார். எனக்கு அது பிடித்திருந்தது. பெரிய மனுஷி நம்மிடம் யோசனை கேட்கிறார் என்று நினைத்தேன்.

வாய் என்று ஒன்றை அல்லா எனக்கு வஞ்சனையில்லாமல் கொடுத்திருக்கிறான். நேர்ச்சையை வெளியே சொல்லக்கூடாது என்று தெரிந்தும், பள்ளிவாசல் நிர்வாகி அலாவுதீன் நானாவின் மனைவியிடம் லேசாக அவிழ்த்துவிட்டேன். பெருமைக்காக இல்லை, பேச்சோடு பேச்சாக வந்துவிட்டது என்று அப்போது எனக்கே சொல்லிக்கொண்டேன். பெருமைக்காகத்தான். ஒரு வாரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காதர் பாட்சா வீட்டையே சஃப்வான்தான் தாங்குகிறாராம் என்று பேச்சு. ஜும்ஆவில் இவருக்கு முன் வரிசையில் இடம் விட்டார்கள். இவர் பின்னால் போய், செருப்புகள் கிடக்கிற இடத்துக்குப் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டு வருவாராம். என்ன பணிவு என்று அதற்கும் புகழ்ச்சி.

நோன்பு மாதம் முடியப் போகிற நேரம். பெருநாளுக்கு முன்னால் ஏழைகளுக்கு ஃபித்ரா அரிசி கொடுப்பார்கள். இந்த வருஷப் பட்டியலில் அலாவுதீன் நானா சுல்தான் பீவி மாமியையும் சேர்த்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. தர்மம் வாங்கிச் சாப்பிடுகிற வீடு என்று அவர் காதில் போட்டது யார்? காலையில் இரண்டு பையன்கள் வந்து மூட்டையை வாசற்படியில் வைத்துவிட்டு, மாமி என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

மாமி இத்தாவில் இருக்கிறார். இன்னும் சில நாள் பாக்கி. வாசலுக்கு வந்து மூட்டையை உள்ளே இழுக்க முடியாது, வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கவும் முடியாது. வீட்டில் வேறு ஆளும் கிடையாது. பள்ளிவாசல் பெயர் அச்சடித்த அந்த மூட்டை, சிங்கப்பூர் சாமான் கடைக்காரர் வீட்டு வாசலில், தெரு முழுக்கப் போகிற வருகிற பகல் நேரத்தில், சாயங்காலம் அஸர் தொழுகை வரைக்கும் கிடந்தது. எனக்குத் தெரிந்ததும் நானே போய் இழுத்து உள்ளே போட்டேன். மூச்சு வாங்க நின்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. மாமி ஜன்னல் ஓரம் குர்ஆனை மூடி வைத்துவிட்டு, "உள்ளயே கொண்டாந்துட்டியா புள்ள" என்று மட்டும் கேட்டார்.

சஃப்வானும் மதியம் அந்த வழியாக வந்திருக்கிறார். மூட்டைக்கு எதிரே பைக்கை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்ததாக எதிர்வீட்டில் சொன்னார்கள். அன்றைக்கு நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதோடு சரி, கஞ்சியைத் தொடவில்லை. பெருநாளுக்குப் புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தேன், அதையும் போடவில்லை.

பெருநாள் முடிந்து இத்தாவும் முடிந்தது. வெளியே வந்ததும் மாமி வைத்த முதல் அடி எங்கள் வீட்டுக்குத்தான். வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு, நிமிர்ந்து நடந்து வந்தார். இவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாங்க மாமி என்று நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். மாமி உட்கார்ந்து, கைக்குட்டையை அவிழ்த்து இரண்டு தங்க வளையலை எடுத்து இவர் பக்கம் நீட்டினார்.

"மாப்புள, இதுவரைக்கும் நீங்க குடுத்ததுக்கு இது காணும்னு நெனைக்கிறேன். காணலைன்னா சொல்லுங்க, நசீம்கிட்ட அனுப்பச் சொல்றேன். உங்க நேர்ச்சையை அல்லா ஏத்துக்கட்டும். ஆனா இனிமே எனக்கு வேணாம்."

திருப்பி வாங்குவதற்கா மாமி கொடுத்தோம் என்று நான் முந்திக்கொண்டேன். அப்போதும் எனக்குப் பெருந்தன்மைதான். இவர் கையில் இருந்த ஸ்பேனர் பையைக் கீழே வைத்தார். அப்படியே தரையில், மாமி காலடியில் உட்கார்ந்தார்.

"மாமி, அது உங்க காசு" என்றார்.

மாமிக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பிறகு சொன்னார். க்ரில் கடை, வட்டிக்காரன், ஹவுதுக் கரை, மஞ்சள் பை, முடியறப்ப கொண்டாங்க என்று மாமா சொன்னது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னார். நேர்ச்சை என்று சொன்னது பொய் என்றார். "ஜனாஸாவுல நசீம் கேட்டப்ப நானும் அங்கதான் நின்னேன் மாமி" என்றார்.  நான் மடக்கி வைத்த விரல்கள், மத்தி வாங்கச் சொன்னது, அலாவுதீன் நானா வீட்டில் உட்கார்ந்து பேசினது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. பூமி பிளந்து உள்ளே போய்விட மாட்டோமா என்றிருந்தது.

மாமி அப்போதும் மரியாதை குறையாமல்தான் பேசினார்.

"காசு கெடக்கட்டும் மாப்புள. அந்த மூட்டை என் வாசல்ல அஸர் வரைக்கும் கெடந்துச்சு. நீங்க வந்து நின்னதை நான் ஜன்னல்ல பாத்தேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

 ஐந்து வேளைத் தொழுகையிலும் இந்தக் குடும்பத்துக்குத்தான் முதலில் துஆ கேட்டேன் என்று மாமி சொன்னார், கேட்டதைத் திருப்பி வாங்க வழியில்லை என்றார். பிறகு இன்னும் எவ்வளவு பாக்கி என்று கேட்டார். ஒன்றரை லட்சம் என்றார் இவர். மாமி அந்த வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாகத் தன் கையில் போட்டுக்கொண்டார். எழுந்து வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"மீதியை இவ கையில குடுத்து அனுப்பாதீங்க. ஜும்ஆ விட்டு எல்லாரும் வர்ற நேரம், என் வாசல்ல வந்து நின்னு, கடன்னு சொல்லிக் குடுங்க. தெருவுக்குக் கேக்கணும்."

அவர் போன பிறகு நான் இவரை உலுக்கி எடுத்துவிட்டேன். பள்ளிவாசலில்தான் வாய் வரவில்லை, கட்டின பெண்டாட்டியிடம் சொல்வதற்கு என்ன கேடு என்று கத்தினேன். தெருவில் கை நீட்டினால் வாழ மாட்டேன் என்று நீதானே சொன்னாய் என்றார். சண்டைக்குச் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதற்கு மேல் எனக்குக் கத்த எதுவும் கிடைக்கவில்லை. அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் வேலையைப் பற்றி மட்டும்தான் பேசினோம். வெயில் கொளுத்தியது, போன் ஓயவில்லை. வந்த போன் ஒன்றையும் நான் விடவில்லை.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், என்னை யாரும் கூப்பிடவில்லை. ஜும்ஆ விட்டுத் தெரு நிறைய வெள்ளைத் தொப்பிகள். மாமி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இவர் போய் எதிரே நின்று, மாமி என்றார். கவரை மட்டும் நீட்டினார்.

"காது கேக்கலை மாப்புள" என்றார் மாமி.

"மாமாகிட்ட வாங்குன கடன் மாமி. அதுல இந்த வாரம் குடுக்கறது. இதுக்கு முன்னாடி குடுத்ததும் கடன்தான்." சத்தமாகவே சொன்னார். கழுத்து நரம்பு புடைத்தது. போய்க்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள். அலாவுதீன் நானாவின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மாமியின் வளையலைப் பார்த்தேன். முன் வரிசையில் இடம் விட்டவர்களெல்லாம் இவரைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். இவர் நகரவில்லை. மாமி கவரைப் பிரித்து, எல்லார் எதிரிலும் தாள் தாளாக எண்ணி முந்தானையில் முடிந்தார். சரியா இருக்கு என்றார்.

பூவாயியை அன்றைக்கு மதியம் வரச் சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது. அவள் கொல்லைப் பக்கம் போகாமல் நேரே வாசலுக்கு வந்து கூடையை இறக்கினாள். ஈரச் சாக்கை விலக்கினால், உள்ளே பெரிய கொடுவா. விலையைச் சொன்னாள். கொஞ்ச விலையில்லை. மாமி பேரம் பேசவில்லை. முழுசா வெட்டு என்று சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது, அதைக் கேட்கத்தான் நானும் நின்றேன். வாயைத் திறந்தவர் ஒரு கணம் நிறுத்தினார். முந்தானை முடிச்சைப் பிடித்தபடி திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

குத்திக்காட்டப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை. நாலு மாதத்துப் பழக்கம், தன்னையறியாமல் பார்த்துவிட்டார். நான் தலையாட்டட்டும் என்று காத்திருந்தார்.